அந்நியக் கல்லீரலை உடல் ஏற்பது எப்படி?: ஸ்டார்ஸல் விட்டுச்சென்ற கேள்வி

மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டவர் வீடு திரும்பும்போது கையில் கொடுக்கும் மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரை ஆயுள் முழுவதற்குமானது. பெரும்பாலும் அது டாக்ரோலிமஸ். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக் கூடாது. பிறருடைய உறுப்பை உடலின் எதிர்ப்பாற்றல் தாக்கி அழித்துவிடாமல் தடுத்து வைப்பது இந்த மருந்துதான். நிறுத்தினால் உறுப்பு போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை சரியானதே.

ஆனால் ஒரு சிலர் விஷயத்தில் அப்படி நடப்பதில்லை. கடும் தொற்றாலோ புற்றுநோயாலோ மருந்தை நிறுத்த வேண்டிவந்தவர்கள், யாரிடமும் சொல்லாமல் தாமாகவே விட்டுவிட்டவர்கள் என்று சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தில்லாமலே மாற்றுக் கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறது. இதயம், சிறுநீரகம் பெற்றவர்களிடம் இது மிக அரிது. கல்லீரல் பெற்றவர்களிடம் அவ்வளவு அரிதல்ல. ஏன் கல்லீரலுக்கு மட்டும் இந்தச் சலுகை? யாருக்கு இது வாய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? வாய்க்காதவர்களுக்கு வரவழைத்துத் தர முடியுமா?

அறுபது ஆண்டுகளாகப் பல துறையினர் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலின் நடுவில் இருப்பவர் அமெரிக்க அறுவை சிகிச்சையாளர் தாமஸ் ஸ்டார்ஸல் (1926–2017). மனிதருக்குக் கல்லீரல் மாற்றும் அறுவை சிகிச்சையை முதன்முதலில் முயன்றவர், அதை நம்பத்தக்க சிகிச்சையாக நிலைநிறுத்தியவர், பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு இந்தப் புதிருக்கே எஞ்சிய வாழ்நாளைக் கொடுத்தவர்.

இரட்டைக் கன்றுகளும் எலிகளும்

கேள்வியின் வேர் மருத்துவமனையில் இல்லை, மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. 1945இல் அமெரிக்க ஆய்வாளர் ரே ஓவன், வெவ்வேறு கருமுட்டைகளில் உருவான இரட்டைக் கன்றுகளின் உடலில் ஒன்றின் ரத்த அணுக்கள் மற்றதில் நிரந்தரமாகத் தங்கியிருப்பதைக் கண்டார். தாயின் வயிற்றில் இரண்டின் நஞ்சுக்கொடி நாளங்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் நேர்ந்த கலப்பு அது. பிறந்த பிறகும் ஒன்றின் உடல் மற்றதன் அணுக்களை அந்நியமாகக் கருதவில்லை.

1953இல் லண்டனில் பீட்டர் மெடவர், ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் மூவரும் இதைச் சோதனைச்சாலையில் செய்துகாட்டினார்கள். கருவிலிருக்கும் எலிக்கு வேறு இன எலியின் அணுக்களைச் செலுத்தினார்கள். அந்த எலி வளர்ந்த பிறகு அதே கொடையாளர் இனத்தின் தோலை ஒட்டினால் ஏற்றுக்கொண்டது. 'தனது எது, அந்நியம் எது' என்பதை எதிர்ப்பாற்றல் பிறவியிலேயே முடித்து எடுத்துவருவதில்லை, கற்றுக்கொள்கிறது என்பது உறுதியாயிற்று. 1960இல் மெடவருக்கும், இதைக் கோட்பாடாக முன்பே சொன்ன ஆஸ்திரேலியாவின் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த விடையின் குறை வெளிப்படையானது. அது கருவுக்கும் பிறந்த குட்டிக்கும் பொருந்தும். கல்லீரல் கெட்டுப்போய் மருத்துவமனைக்கு வரும் குழந்தைக்கும் பெரியவருக்கும் எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே முதிர்ந்துவிட்டது. முதிர்ந்த உடலை மறுபடி கற்கவைப்பது எப்படி என்பதற்கு அதில் வழி இல்லை.

டென்வர், 1963

கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டார்ஸல் முதலில் தொட்டது சிறுநீரகத்தை. எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதியோபிரினோடு ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், தொடங்கிவிட்ட நிராகரிப்பைக்கூடத் திருப்பிவிட முடிகிறது என்று 1963இல் எழுதினார். அதே கட்டுரையில் இன்னொரு கவனிப்பும் இருந்தது. நிராகரிப்பு அடங்கிய பிறகு பலருக்கு மருந்தின் தேவை படிப்படியாகக் குறைந்தது. உடல் பழகிக்கொள்வதுபோல் தோன்றியது. கட்டுரைத் தலைப்பிலேயே இதைச் சகிப்புநிலை, அதாவது அந்நிய உறுப்பை உடல் தாக்காமல் ஏற்கும் நிலை என்று அவர் துணிந்து குறிப்பிட்டார். அன்றைய நோயெதிர்ப்பியலாளர் பலருக்கு அது மிகைக் கூற்றாகப் பட்டது. முதல் கவனிப்பு உலகெங்கும் சிகிச்சை முறையானது. இரண்டாவது பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது.

அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நோயாளி மூன்று வயதுச் சிறுவன். பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டவன். கல்லீரல் நோயால் வயிற்றுக்குள் ரத்தநாளங்கள் புடைத்திருந்தன, ரத்தம் உறையும் தன்மையும் குலைந்திருந்தது. வெட்டிய இடமெல்லாம் கசிந்த ரத்தத்தை நிறுத்த முடியவில்லை. சிறுவன் அறுவை மேசையிலேயே இறந்தான். அடுத்து வந்தவர்களுக்கு ரத்தம் உறைவதற்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். அறுவையின்போது கீழுடலின் ரத்தத்தை வேறு வழியில் இதயத்துக்குக் கொண்டுபோகக் குழாயும் பொருத்தினார்கள். அந்தக் குழாய்ப் பாதையில் உருவான ரத்தக்கட்டிகள் நுரையீரலில் போய் அடைத்தன. முதல் நோயாளிக்கு உதவியிருக்கக்கூடிய ஏற்பாடே அடுத்தவர்களுக்கு வினையாயிற்று. அந்த ஆண்டு சிகிச்சை பெற்ற எவரும் ஒரு மாதம் தாண்டவில்லை. பாஸ்டனிலும் பாரிஸிலும் நடந்த முயற்சிகளும் தோற்றன. உலகமே கல்லீரலை ஒதுக்கிவைத்தது.

ஒதுக்கிவைத்த அந்தக் காலத்தில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி பிறந்தது. ஸ்டார்ஸல் நாய்களுக்குத் திரும்பினார். மாற்றுக் கல்லீரல் பொருத்திய நாய்களுக்குச் சுமார் நான்கு மாதம் அசாதியோபிரின் கொடுத்து நிறுத்தினார். சில நாய்கள் நிராகரித்தன. சில ஆண்டுக்கணக்கில் மருந்தின்றி உயிரோடு இருந்தன. சிறுநீரகம் பொருத்திய நாய்களில் இப்படி நிலைத்தவை மிகக் குறைவு. 1967இல் மீண்டும் மனிதரிடம் வந்தபோது, லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்களுக்கு எதிரான சீரத்தையும் மருந்துகளோடு சேர்த்தார். கல்லீரல் கட்டியோடு வந்த ஒன்றரை வயதுப் பெண்குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தாள். அவளைக் கொண்டுபோனது நிராகரிப்பு அல்ல, பரவிய புற்றுநோய்.

பன்றியிடம் உண்மை, நாயிடம் பாதி உண்மை

கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் பன்றிகளில் கண்டது இன்னும் திடுக்கிட வைத்தது. பன்றிகள் பல மருந்தே இல்லாமல் வேறு பன்றியின் கல்லீரலை ஏற்றன. அதைவிட வியப்பு, அப்படி ஏற்ற பன்றிக்கு அதே கொடையாளரின் சிறுநீரகத்தையோ தோலையோ பொருத்தினால் அதுவும் காப்பாற்றப்பட்டது. வேறொரு பன்றியின் உறுப்பு என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆக, கல்லீரல் தான் தப்பிப்பதோடு நிற்காமல் தன் கொடையாளரின் பிற திசுக்களுக்கும் பரிந்து நிற்கிறது. 1969இல் இது வெளியானது. கல்லீரலே சகிப்புநிலையை உண்டாக்குகிறது என்ற நிலைப்பாட்டின் தோற்றம் இங்கேதான்.

எலிகளில் இதைத் தொடர்ந்தபோது படம் சிக்கலானது. பெரிய எலி (ராட்) இனங்களில் சில கொடையாளர்-பெறுநர் சோடிகள் கல்லீரலை ஏற்றன, வேறு சில சோடிகள் கடுமையாக நிராகரித்தன. சுண்டெலிகளோ பெரும்பாலும் ஏற்றன. ஏற்றவற்றிலும் முதல் வாரங்களில் நிராகரிப்பு தொடங்கி, பிறகு தானாக அடங்கியது. எதிர்ப்பாற்றல் கல்லீரலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்ற எளிய விளக்கத்தை இது அடிபட வைத்தது. கவனிக்கிறது, தாக்கவும் தொடங்குகிறது, ஏதோ ஒன்று பாதியில் நிறுத்துகிறது.

மனிதர் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்? பன்றிக்கும் நாய்க்கும் நடுவில் எங்கோ என்று வைக்கலாம். மருந்தின்றித் தொடங்கினால் மனித உடல் மாற்றுக் கல்லீரலை நிராகரிக்கவே செய்யும். ஆனாலும் மனிதரிடமும் கல்லீரல் தனித்தே நடந்துகொள்கிறது. கொடையாளருக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருந்தால் சிறுநீரகம் சில மணி நேரத்தில் கறுத்துப் போய்விடக்கூடும். கல்லீரல் அதே நிலையில் பெரும்பாலும் தாங்கும். ஒரே கொடையாளரின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து வைத்தால் சிறுநீரகமும் பல வேளைகளில் தப்பிக்கிறது.

மருந்துகள் வென்றன, கேள்வி பின்வாங்கியது

அசாதியோபிரின் காலத்தில் கல்லீரல் மாற்றுப் பெற்றவர்களில் மூவரில் ஒருவர் அளவே ஓராண்டைத் தாண்டினார். 1980இல் ஸ்டார்ஸல் சைக்ளோஸ்போரினையும் ஸ்டீராய்டையும் இணைத்துக் கொடுக்கத் தொடங்கியதும் அது 70 விழுக்காட்டை எட்டியது. 1983இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, கல்லீரல் மாற்று இனி சோதனை முயற்சி அல்ல, சிகிச்சையே என்று ஏற்றது. ஜப்பானின் சுகுபாவில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த டாக்ரோலிமஸை, 1989இல் பிட்ஸ்பர்கில் அவர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு நிராகரிப்பால் கல்லீரலை இழப்பது அரிதாகிவிட்டது.

வெற்றிக்கு விலை இருந்தது. இந்த மருந்துகள் சிறுநீரகத்தை மெல்ல அரிக்கின்றன. 2003இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், கல்லீரல் மாற்றுப் பெற்றவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டுகளுக்குள் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டிருந்தது. சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, தொற்று, புற்றுநோய் ஆகியவையும் உண்டு. மருந்தின் விளைவாக வரும் நிணநீர்க் கட்டிகள், மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ மறைந்துவிடக்கூடும் என்று ஸ்டார்ஸல் குழு 1984இல் காட்டியது. அப்படி வேறு வழியின்றி மருந்தை நிறுத்தியவர்களில் சிலர் கல்லீரலை இழக்கவில்லை. பழைய கேள்வி இந்த வழியாக மறுபடி உள்ளே வந்தது.

1992: கலந்து வாழும் அணுக்கள்

1990இல் இதய அறுவைக்கு ஆளான ஸ்டார்ஸல் அடுத்த ஆண்டு கத்தியைக் கீழே வைத்தார். பிறகு தன் பழைய நோயாளிகளைத் தேடிப் போனார். 1960களின் தொடக்கத்தில் சிறுநீரகம் பெற்று முப்பது ஆண்டுகளை நெருங்கியவர்களும், நெடுங்காலம் வாழ்ந்த கல்லீரல் நோயாளிகளும் அழைக்கப்பட்டார்கள். அவர்களுடைய தோலிலிருந்தும் நிணநீர் முடிச்சிலிருந்தும் சிறு துண்டுகளை எடுத்துக் கொடையாளரின் அணுக்கள் இருக்கின்றனவா என்று தேடினார்கள். ஆணின் கல்லீரலைப் பெற்ற பெண்ணின் உடலில் ஒய் குரோமோசோம் தென்பட்டால் அது கொடையாளருடையதாகத்தான் இருக்க முடியும். தென்பட்டது. கல்லீரலோடு பயணம் வந்த வெள்ளணுக்கள் உறுப்பைவிட்டு வெளியேறி, பெற்றவரின் உடலெங்கும் சிறு எண்ணிக்கையில் குடியேறியிருந்தன. மறுபக்கம், பொருத்திய கல்லீரலுக்குள் இருக்கும் விழுங்கணுக்கள் காலப்போக்கில் பெற்றவருடையதாக மாறிவிடுவதை அவர் குழு 1969இலேயே கண்டிருந்தது.

இந்த இடப்பெயர்வுக்கு அழகான சான்று வேறொரு நோயிலிருந்து வந்தது. கிளைகோஜன் சேமிப்பு நோயின் நான்காம் வகையில், உடைக்க முடியாத மாவுப்பொருள் கல்லீரலில் மட்டுமின்றி இதயத் தசையிலும் படிகிறது. கல்லீரலை மட்டுமே மாற்றிய பிறகு சில குழந்தைகளின் இதயத்திலும் அந்தப் படிவு குறைந்தது. நோயாளியிடம் இல்லாத என்சைமைச் சுமந்த கொடையாளர் அணுக்கள் இதயம்வரை போயிருப்பதே அதற்கு விளக்கம் என்று 1993இல் எழுதினார்கள்.

இவற்றைக் கொண்டு ஸ்டார்ஸல் முன்வைத்த கோட்பாடு இதுதான். உறுப்பைப் பொருத்துவது ஒருவழிப் போர் அல்ல. பெற்றவரின் எதிர்ப்பாற்றல் உறுப்பைத் தாக்கும், உறுப்போடு வந்த வெள்ளணுக்கள் பெற்றவரைத் தாக்கும். மருந்தின் நிழலில் இரண்டும் மோதி மோதிக் களைத்து, தாக்கும் அணுக்கள் அழிந்து, ஒரு சமநிலை உண்டாகிறது. கல்லீரலில் பயண அணுக்கள் ஏராளம், அதனால் அதற்கு இது எளிது. ஓவனின் கன்றுகளுக்கும் டென்வர் நோயாளிகளுக்கும் நாற்பது ஆண்டுகளாக இல்லாதிருந்த பாலம் இப்படிப் போடப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ரோல்ஃப் சிங்கர்நாகலோடு சேர்ந்து 1998இல் இதை அவர் விரிவாக்கினார்.

எதிர்வாதங்கள் வலுவானவை. நுண்ணளவில் கொடையாளர் அணுக்கள் நிராகரித்தவர்களிடமும் காணப்பட்டன, சகிப்புநிலை அடைந்த சிலரிடம் காணப்படவில்லை. உறுப்பு உயிரோடு இருப்பதால்தான் அதன் அணுக்கள் தென்படுகின்றன, அணுக்கள் இருப்பதால் உறுப்பு நிலைக்கவில்லை என்று கேத்ரின் உட், டேவிட் சாக்ஸ் போன்றோர் காரண-காரிய வரிசையைத் தலைகீழாக்கிக் கேட்டார்கள். ஸ்டார்ஸலுக்குச் சாதகமான சோதனைகளும் வந்தன. சிட்னி ஆய்வாளர்கள் கொடையாளர் எலியைக் கதிர்வீச்சுக்கு ஆளாக்கி அதன் வெள்ளணுக்களை அழித்த பிறகு கல்லீரலை எடுத்துப் பொருத்தியபோது, வழக்கமாக ஏற்கும் எலியே நிராகரித்தது. பயண அணுக்களுக்கு வேலை இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்த வேலை தொடக்கத்தில் மட்டுமா, ஆயுள் முழுவதுமா என்பதைக் காட்டவில்லை.

மனிதரிடம் கோட்பாட்டின் முழு வடிவம் 2008இல் வெளியான ஒரே நோயாளியின் கதையில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு ஆளான ஒன்பது வயதுச் சிறுமிக்கு, இறந்த சிறுவன் ஒருவனின் கல்லீரல் பொருத்தப்பட்டது. சில மாதங்களில் அவளுடைய ரத்தப் பிரிவே ஓ நெகட்டிவிலிருந்து ஓ பாசிட்டிவாக மாறியிருந்தது. கல்லீரலோடு வந்த குருத்தணுக்கள் அவளது எலும்பு மஜ்ஜையைக் கைப்பற்றிவிட்டன. மருந்து முழுவதும் நிறுத்தப்பட்டது. இதுபோல் மறுபடி நிகழ்த்திக்காட்ட யாராலும் இயலவில்லை. மஜ்ஜையைத் திட்டமிட்டுக் கலக்கும் முறையில் சிறுநீரகம் பெற்ற சிலருக்கு பாஸ்டனில் மருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்கு முன்தயாரிப்பாகக் கொடுக்கும் சிகிச்சையின் கடுமையைச் சிரோசிஸ் முற்றிய நோயாளி தாங்குவது கடினம்.

விடை கல்லீரலுக்குள்ளேயே இருக்கிறதா?

இன்னொரு தரப்பு பயண அணுக்களை விட்டுவிட்டுக் கல்லீரலின் அமைப்பையே பார்த்தது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. உணவின் துணுக்குகளும் குடல் நுண்ணுயிர்களின் சிதைவுகளும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பாற்றல் பொங்கினால் கல்லீரல் நாளும் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே அடங்கிப்போவது அதன் இயல்பாக அமைந்திருக்க வேண்டும். 1967இல் கேன்டர், டூமான்ட் இருவரும், போர்ட்டல் ரத்தத்தைக் கல்லீரலுக்குள் விடாமல் திருப்பிவிட்ட நாய்களில், வாய்வழி கொடுத்த பொருளுக்கு வழக்கமாக உண்டாகும் சகிப்புநிலை உண்டாகவில்லை என்று காட்டினார்கள். போர்ட்டல் ரத்தம் ஸ்டார்ஸலுக்கும் பழைய ஆர்வம்தான். அதில் வரும் இன்சுலின் கல்லீரலின் வளர்ச்சிக்கு அவசியம் என்று நிறுவிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

பின்னால் வந்த நுண் ஆய்வுகள் இதற்குத் தசை சேர்த்தன. கல்லீரலின் நுண்நாளச் சுவர் சல்லடைபோல் துளைகள் கொண்டது. அதனால் ரத்தத்தில் ஓடும் வெள்ளணு வகையான டி அணுக்கள் கல்லீரல் அணுக்களை நேரடியாகத் தொட முடிகிறது. நிணநீர் முடிச்சில் தூண்டப்படும் டி அணு போராளியாகிறது, கல்லீரலுக்குள் தூண்டப்படும் டி அணு பெரும்பாலும் விரைவில் மடிகிறது. சில டி அணுக்கள் கல்லீரல் அணுவுக்குள்ளேயே நுழைந்து செரிக்கப்படுவதை சிட்னி குழு 2011இல் காட்டியது. இதே இளகிய குணத்தைத்தான் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் பயன்படுத்திக்கொண்டு பல ஆண்டுகள் தங்கிவிடுகின்றன என்று பலர் கருதுகிறார்கள். கல்லீரல் நோய்க்கும் மாற்றுக் கல்லீரலின் சகிப்புக்கும் ஒரே இயல்பு வேராக இருக்கலாம் என்பது, இந்தத் துறை தந்த எண்ணங்களில் மிகவும் சிந்திக்கவைப்பது என்பேன்.

ஆனால் இந்த விளக்கத்துக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. எல்லோருடைய கல்லீரலும் ஒரே அமைப்புடையதென்றால், ஏன் ஒருவர் ஏற்கிறார், அடுத்தவர் நிராகரிக்கிறார்? அமைப்பு பொதுவான சாய்வைச் சொல்கிறது, தனி மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நிறுத்திப் பார்த்தவர்கள்

கோட்பாடுகளைவிட நோயாளிக்கு நெருக்கமானவை, மேற்பார்வையில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்த ஆய்வுகள். பிட்ஸ்பர்கில் 1990களில் 95 பேருக்கு இது முயலப்பட்டு, 1997இல் 18 பேர் மருந்தில்லாமல் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 18 பேரில் 5 பேர். கியோட்டோவில் பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்ற குழந்தைகளிடம் விகிதம் இன்னும் கூடுதல். அமெரிக்காவில் பெற்றோரின் கல்லீரலைப் பெற்ற 20 குழந்தைகளில் 12 பேர் மருந்தின்றி ஓராண்டுக்கு மேல் நலமாக இருந்ததாக 2012இல் வெளியானது. ஆனால் அடுத்த பெரிய ஆய்வில், 88 குழந்தைகளில் 33 பேர்தான். சிறு ஆய்வின் 60 விழுக்காடு பெரிய ஆய்வில் 37.5 ஆகச் சுருங்கியதை மறக்கக் கூடாது.

பெரியவர்களிடம் இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 98 பேரிடம் நடந்த ஆய்வில் 41 பேர் வெற்றிகரமாக நிறுத்தினார்கள் (2013). அறுவை முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆனவர்களில் 79 விழுக்காட்டினர், ஆறாண்டுக்கும் குறைவானவர்களில் 12.5 விழுக்காட்டினர். அமெரிக்காவில் அறுவை முடிந்து ஓரிரு ஆண்டுகளிலேயே குறைக்கத் தொடங்கிய ஆய்வில் 77 பேரில் 10 பேர், அதாவது 13 விழுக்காடு (2019). இரண்டு கண்டங்கள், வெவ்வேறு நோயாளிகள், ஆனாலும் தொடக்க ஆண்டுகளின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. காலம் என்பது இங்கே வலுவான காரணி.

ஏன் காலம்? இதில் கருத்துகள் பிரிகின்றன. வயது ஏற ஏற எதிர்ப்பாற்றல் தளர்கிறது என்கிறார்கள் ஒரு சாரார். ஐரோப்பிய ஆய்வில் வயதும் ஒரு காரணியாகத் தென்பட்டது இவர்களுக்குச் சாதகம். கொடையாளரின் திசுவை நீண்டகாலம் பார்த்துப் பார்த்து, அதற்கெதிரான டி அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன என்கிறார்கள் இன்னொரு சாரார். ஸ்டார்ஸல் கடைசிவரை சொன்னது வேறு. நாம் தொடக்கத்திலேயே கனமான மருந்தால் மோதலையே நடக்கவிடாமல் தடுக்கிறோம், மோதல் இல்லாமல் களைப்பு இல்லை, களைப்பு இல்லாமல் சமாதானம் இல்லை. டாக்ரோலிமஸ் தடுக்கும் அதே இன்டர்லூகின்-2 பாதைதான் எதிர்ப்பை அடக்கும் ஒழுங்கு டி அணுக்களுக்கும் தேவை என்பதால் இந்த வாதத்துக்கு உயிரியல் ஆதாரம் உண்டு. 2003இல் அவர் தன் வாதத்தைச் செயலிலும் காட்ட முயன்றார். அறுவைக்கு முன் வெள்ளணுக்களைக் குறைத்து, பிறகு டாக்ரோலிமஸை மட்டும் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை, வாரத்துக்குச் சில முறை என்று இடைவெளியை நீட்டினார். மருந்து பலருக்குக் கணிசமாகக் குறைந்தது. முழுவதும் நிறுத்தும் நிலை அந்த அளவுக்கு வாய்க்கவில்லை. தன் மருந்தே தன் இலக்குக்குத் தடையாக இருக்கலாம் என்று, அந்த மருந்தைக் கொண்டுவந்தவரே வாதிட்டதை நான் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன். வாதம் நிரூபணமாகவில்லை என்பது வேறு.

யாருக்கு வாய்க்கும் என்பதை ரத்தத்திலோ திசுவிலோ முன்கூட்டியே படிக்கும் முயற்சியும் நடந்தது. கல்லீரல் திசுவில் இரும்புச் சத்தோடு தொடர்புடைய சில மரபணுக்களின் செயல்பாடு சகிப்புநிலையைக் காட்டும் என்று நம்பிக்கை எழுந்தது. அதை அடிப்படையாக வைத்து ஐரோப்பாவில் நடந்த சோதனையில் அந்த அடையாளம் போதுமான துல்லியம் காட்டவில்லை, சோதனையே முன்கூட்டி முடித்துக்கொள்ளப்பட்டது.

ரத்தப் பரிசோதனை சொல்லாதது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றாக வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன எல்லா எண்களும் ஒரு வரையறையைச் சார்ந்தவை. மருந்து இல்லாமல் கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை (எல்.எஃப்.டி.) சீராக இருந்தால் 'சகிப்புநிலை' என்று எண்ணினார்கள். கியோட்டோ மருத்துவர்கள் அதோடு திருப்திப்படாமல், மருந்து நிறுத்திய குழந்தைகளுக்குத் தொடர்ந்து பயாப்சி (திசுத் துண்டு ஆய்வு) செய்தார்கள். ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருந்த சிலருடைய கல்லீரலில் நார்த்திசு வளர்ந்திருந்தது. ஓசையில்லாமல் ஒரு சேதம் நடந்துகொண்டிருந்தது. சிலருக்கு மருந்தை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்ததும் மருந்தை நிறுத்தியதே தவறு என்று முடிவுகட்டத் தோன்றும். அதுவும் அவசரம். அமெரிக்க ஆய்வுக்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்த, எல்.எஃப்.டி. சீரான 157 குழந்தைகளுக்குப் பயாப்சி செய்தபோது, ஏறத்தாழ பாதிப் பேரின் திசுவில் அழற்சியோ நார்த்திசுவோ இருந்தது. இவர்கள் மருந்தை நிறுத்தியவர்கள் அல்ல. முதல் ஆய்வில் நிறுத்திய 12 குழந்தைகளை ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில் திசுநிலை மோசமாகவும் இல்லை. ஆக, சேதம் நிறுத்தியதாலா, போதிய மருந்து இல்லாததாலா, மாற்றுக் கல்லீரலின் இயல்பான முதுமையா என்பதைப் பிரித்தறிய நம்மிடம் நீண்ட ஒப்பீடு இல்லை.

வரவழைக்க முடியுமா?

2016இல் ஜப்பானின் ஹொக்கைடோ குழு வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரிவில் முதலிடம் பெறுகிறது. உயிருள்ள கொடையாளரின் கல்லீரலைப் பெற்ற பத்துப் பேரின் வெள்ளணுக்களை, கொடையாளரின் அணுக்களோடு சேர்த்துச் சோதனைக்கூடத்தில் இரண்டு வாரம் வளர்த்து, ஒழுங்கு டி அணுக்கள் நிறைந்த கலவையை உடலில் செலுத்தினார்கள். ஏழு பேர் மருந்தை முழுவதும் நிறுத்தினார்கள். மற்ற மூவருக்கும் அடிப்படை நோயே தன்னெதிர்ப்பு வகையைச் சேர்ந்தது, அவர்களுக்கு இலேசான நிராகரிப்பு வந்து மருந்து தொடர்ந்தது. தோல்வியும் ஏதோ கற்றுத்தருகிறது என்பதற்கு இது நல்ல சான்று. குறை: பத்தே பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை, எல்லோருக்கும் மண்ணீரலும் அகற்றப்பட்டிருந்தது. அமெரிக்காவில் இதையொத்த முயற்சியில், போதிய அணுக்களை வளர்த்தெடுப்பதே பெரும்பாடாகி, மருந்தின்றி யாரும் நிலைக்கவில்லை. கொடையாளரின் திசுவை மட்டும் அடையாளம் காணும்படி மரபணு மாற்றிய ஒழுங்கு டி அணுக்களும், கொடையாளரின் டென்ட்ரைட்டிக் அணுக்களும் இப்போது மனிதரிடம் சோதிக்கப்படுகின்றன.

கேள்வியையே சுற்றிக்கொண்டு போகும் வழியும் ஒன்றுண்டு. திடீர்ச் செயலிழப்பு வந்த குழந்தையின் கல்லீரலை முழுவதும் எடுக்காமல் ஒரு பகுதியை விட்டுவைத்து, அருகே கொடையாளரின் துண்டைப் பொருத்துவது. சொந்தக் கல்லீரல் மீண்டு வளர்ந்ததும் மருந்தை நிறுத்தி, துணைக் கல்லீரலை வாடவிடலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஐந்து நாள் குழந்தைக்கு 1997இல் கல்லீரல் பொருத்தியவரும் இப்போது சென்னையில் பணிபுரிபவருமான முகமது ரேலா இந்தத் துணைக் கல்லீரல் முறையை வளர்த்தவர்களில் ஒருவர். அவர் பங்கேற்ற தொகுப்பில் உயிர் பிழைத்த குழந்தைகளில் பெரும்பான்மையோர் மருந்திலிருந்து விடுபட்டார்கள். இங்கே உடல் எதையும் சகிக்கவில்லை என்பது உண்மை. சிரோசிஸ் நோயாளிக்கு இது பயன்படாது என்பதும் உண்மை. ஆனால் பொருந்தும் சிலருக்கு இதைவிடத் தெளிவான விடை எதுவும் இல்லை.

எங்கே நிற்கிறோம்

சான்றுகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். தேர்ந்தெடுத்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் மருந்தின்றி வாழ முடியும். கண்காணிப்பு நெருக்கமாக இருந்தால், நிறுத்தும்போது வரும் நிராகரிப்பு பெரும்பாலும் இலேசானது, மீட்கக்கூடியது. கண்காணிப்பு இல்லாமல் தாமாக நிறுத்துவது ஆபத்து. பயண அணுக்கள், கல்லீரலின் அமைப்பு, ஒழுங்கு டி அணுக்கள் என்ற மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று வெளியேற்றுபவை அல்ல. தொடக்க வாரங்களில் ஒன்றும் பின்னாண்டுகளில் மற்றொன்றும் முன்னிலை வகிக்கலாம் என்பதே என் கணிப்பு. ஸ்டார்ஸலின் கோட்பாடு முழு விடையாக நிலைக்கவில்லை என்றாலும், மருந்துகளின் வெற்றியில் கேள்வியே காணாமல் போயிருக்கக்கூடிய காலத்தில் அதை உயிரோடு வைத்தது அதுதான்.

திறந்திருப்பவற்றில் இரண்டு இந்தியாவுக்கு நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கொடைத் திட்டம் 2008 முதல் ஒழுங்காக நடந்துவந்தாலும், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கல்லீரல் பெரும்பாலும் உயிருள்ள உறவினரிடமிருந்தே வருகிறது. குழந்தை என்றால் தாயோ தந்தையோ கொடுக்கிறார்கள். மருந்து நிறுத்தும் ஆய்வுகளில் நம்பிக்கை தந்த முடிவுகள் சில இந்த வகை நோயாளிகளிடமிருந்தே வந்தன. ஆனால் அந்த ஆய்வுகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. காசநோயும் குடல் தொற்றுகளும் மிகுந்த சூழலில் எதிர்ப்பாற்றல் அடிக்கடி தூண்டப்படுகிறது. அந்த விகிதங்கள் இங்கே அப்படியே பொருந்துமா என்பதை இங்குள்ள நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தால்தான் சொல்ல முடியும்.

மற்றது, நிறுத்துவதுதான் இலக்கா என்பதே. இன்று பல மருத்துவர்கள் நெடுநாள் நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவு டாக்ரோலிமஸை மட்டும் கொடுக்கிறார்கள். அந்த அளவில் சிறுநீரகத்துக்கான கேடும் குறைவு, ஓசையில்லாத நார்த்திசுவுக்கும் ஓரளவு தடை இருக்கக்கூடும். குறைந்த மருந்தா, மருந்தே இல்லையா என்று இரு குழுக்களை இருபது ஆண்டுகள் பயாப்சியோடு தொடர்ந்து ஒப்பிட்டால்தான் இதற்கு விடை கிடைக்கும். ஐந்து வயதில் கல்லீரல் பெற்ற குழந்தை எழுபது வயதுவரை வாழ வேண்டியிருக்கிறது. இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்த வாழ்நாளில் சில ஆண்டுகளைத்தான் பார்த்திருக்கின்றன.